மைனஸில் நின்ற மீட்டர்

நீல அட்டை போட்ட ஒரு நீள நோட்டு என் அலமாரியில் இருக்கிறது. ஆய்வகத்தில் தினமும் குறிப்பு எழுதிய நோட்டு. தேதி, வெப்பநிலை, எந்த கேபிளை எதில் மாட்டினோம், மீட்டர் என்ன காட்டியது எல்லாம் அதில் உண்டு. இரண்டு பேர் கையெழுத்து. கோழி கிளறியதுபோல் இருப்பது என்னுடையது. வரிசை தப்பாமல் இருப்பது ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்த அக்காவுடையது. அக்கா எழுதிய பக்கங்களில் தேதிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் இருக்கும். எட்டு மாதம் அந்த வட்டத்தைத் தினமும் பார்த்தேன். நைட்ரஜன் நிரப்பியதற்கு அடையாளம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு நாள்கூட வாய்விட்டுக் கேட்கவில்லை.

போன மாதம் அந்தக் கல்லூரிக்கு ஒரு தேர்வு வேலையாகப் போனேன். எங்கள் ஆய்வகம் இருந்த அறையில் இப்போது விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மைக்ராஸ்கோப் மேசை இருந்த இடத்தில் ஒரு பீரோ. ஜன்னலுக்கு மேலே இரண்டு ஆணிகள் மட்டும் அப்படியே இருந்தன. அக்கா சென்னிமலைப் போர்வையைத் திரையாகக் கட்டிய ஆணிகள். வெளிச்சம் விழுந்தால் மைக்ராஸ்கோப்பில் கிராபைட் செதில் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று நான் புலம்பிய மறுநாளே வீட்டிலிருந்து போர்வையைக் கொண்டுவந்து கட்டிவிட்டார். ஆணிகளைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கூட வந்த அலுவலகக்காரர் தூசி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நானும் தூசி என்றே சொல்லிவைத்தேன்.

அங்கே நான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தேன். கிராபீன்தான் என் பொருள். பென்சிலில் இருக்கிறதே, அதே கிராபைட்தான். ஒட்டும் டேப்பில் அதை வைத்து உரித்து, உரித்ததை மறுபடி உரித்து, கடைசியில் ஓர் அணுவின் தடிமனுக்கு வந்து நிற்கும் செதில் கிராபீன். அந்தச் செதிலின் மேலும் கீழும் போரான் நைட்ரைடு செதிலை வைத்து மூடிவிட்டால் தூசி, அழுக்கு எதுவும் அண்டாது. செதில் உரிப்பதும் அடுக்குவதும் கோயம்புத்தூரில் நடக்கும். அதில் மின்முனைகள் பொறிக்கும் வசதி எங்களிடம் இல்லாததால் பெங்களூரில் ஒரு மையத்துக்குப் போய்ச் செய்துகொண்டு வருவேன். ரயிலில் அந்தச் சின்ன டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதிர் சீட்டில் இருப்பவர்கள் நகை என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் தேடியது ஒரு மைனஸ். சாதாரணச் செம்புக் கம்பியில் எலக்ட்ரான்கள் தனித்தனியாக ஓடும். வழியில் அழுக்கிலோ அணுக்களின் அதிர்விலோ முட்டும். ஒன்றுக்கு ஒன்று பெரிதாகச் சம்பந்தம் கிடையாது. மிகச் சுத்தமான கிராபீனில், திரவ ஹீலியத்தின் கடுங்குளிரும் இல்லாமல் அறைச் சூடும் இல்லாமல் இருக்கும்போது கதை மாறிவிடும். மற்றதில் முட்டுவதைவிட எலக்ட்ரான்கள் தங்களுக்குள் முட்டிக்கொள்வது அதிகமாகும். அப்போது அவை கூட்டமாக, ஒரு திரவம் போலவே நகரும். குறுகலான வாய் வழியாக அவற்றை உள்ளே விட்டால், வாயின் பக்கவாட்டில் சுழல் விழும். சுழலில் சிக்கிய எலக்ட்ரான்கள் வந்த வழியே திரும்பும். வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு முனைகளில் வோல்டேஜ் பார்த்தால், பிளஸ் வரவேண்டிய இடத்தில் மைனஸ் வரும். திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைத்தாலே போதும், பார்த்துவிடலாம். அதனால்தான் எங்களைப் போன்ற சின்ன ஆய்வகமும் ஆசைப்பட முடிந்தது.

வெளிநாட்டில் இதைப் பார்த்து எழுதிவிட்டார்கள். வாயை நேராக வைக்காமல் புனல் மாதிரிச் சரிவாக வைத்தால் அந்தச் சுழல் எங்கே நகர்கிறது என்பது என் கேள்வி. மைனஸ் வந்தால்தான் கேள்விக்கே உயிர். வராவிட்டால் நாலு வருடம் பென்சில் சீவினேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

அக்கா எங்கள் ஆய்வகத்தின் தொழில்நுட்ப உதவியாளர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கோயம்புத்தூரில் கணபதி பகுதியில் வீடு. வீட்டின் முன்னறையே பட்டறை. அவர் வீட்டுக்காரர் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறார். அக்காவும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே வேலையைச் செய்தவர்தான். நடுவில் தபாலில் டிப்ளமோ முடித்து இந்த வேலைக்கு வந்தார். முடியைவிட மெல்லிய கம்பியைக் கிராபீனின் மின்முனையில் வெள்ளிப் பசை வைத்து ஒட்டும்போது அக்காவின் கை கொஞ்சமும் ஆடாது. நான் ஒட்டினால் பத்தில் ஆறு பிய்ந்துவிடும். பிய்ந்தால் எனக்குக் கோபம் வரும். எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். அக்கா இடுக்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "போச்சாது உடு கண்ணு, நீ போயி டீ குடிச்சிட்டு வா" என்று தேற்றுவார். டீக்கடையில் ஒரு தேங்காய் பன் தின்றுவிட்டுத் திரும்புவதற்குள் கம்பி ஒட்டியிருக்கும்.

என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. கண்ணு, இல்லாவிட்டால் அம்மணி. துடியலூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதெல்லாம் காதில் விழுந்தும் விழாத வார்த்தைகள். பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோரும் சொல்வதுதானே. அக்கா சொல்வதும் அதில் ஒன்று என்றுதான் இருந்தேன்.

முதல் வருடம் ஒரு சம்பவம் நடந்தது. நிதி கொடுக்கும் இடத்திலிருந்து நாலு பேர் ஆய்வகத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். ஒரு சாதாரண சாம்பிளை மாட்டி மீட்டரைக் காட்டவேண்டும். பதற்றத்தில் இரண்டு கேபிளையும் நான் இடம் மாற்றி மாட்டிவிட்டேன். மீட்டர் மைனஸ் காட்டியது. எங்கள் ஊரில் திட்டுவதைக்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். எங்கள் பேராசிரியர் அதில் கெட்டிக்காரர். "ஏனுங்க, ரெண்டு வயரை நேரா மாட்டோணும்னாக்கூட தனியா ஒரு பட்டம் வாங்கோணுமுங்களா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். வந்தவர்கள் சிரித்தார்கள். நான் மாடிப்படிக்குக் கீழே போய் நின்று அழுதேன். அக்கா பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்றார். தன் முந்தானையை என் கையில் கொடுத்தார். நான் அதில் மூக்கைச் சிந்திவிட்டேன்.

மூன்றாம் வருடம்தான் நல்ல சாம்பிள் கிடைத்தது. அதற்கு முன் செய்த இரண்டும் பாதியில் செத்துப்போயின. இந்த மூன்றாவது செதிலில் குமிழோ மடிப்போ ஒன்றும் இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. முந்தின மாலை அக்கா கழற்றிவைத்த கேபிள்களைத் தினமும் காலையில் நான் வந்து, அட்டவணைப்படி மாட்டிவிட்டுப் போய்விடுவேன். பத்து மணிக்கு இளங்கலை மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கவேண்டும். ஆய்வு மாணவர்களின் தலையில் கட்டிய வேலை அது. நான் வகுப்பில் இருக்கும்போது அக்கா நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைத்து, மீட்டரைப் போட்டு, அளவெடுக்கத் தொடங்கிவிடுவார். ஒரு மணிக்கு நான் மூச்சிரைக்க ஓடிவந்து திரையைப் பார்ப்பேன்.

பிளஸ்.

மறுநாளும் பிளஸ். அடுத்த வாரமும் பிளஸ். மின்னோட்டத்தைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன். அந்தக் குளிருக்குள்ளேயே வெப்பநிலையைப் பத்துப் பத்து டிகிரியாக மாற்றிப் பார்த்தேன். பேராசிரியர் திரையைப் பார்த்து, "சாம்பிள்ல அழுக்கு இருக்குமுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போவார். எட்டு மாதம் இப்படிப் போனது. மைனஸ் வேண்டும் என்று மனசுக்குள் எத்தனையோ முறை சொல்லிக்கொண்டேன். அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மறைக்கவேண்டும் என்று மறைக்கவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை, அதுதான் உண்மை. பிசுபிசுப்புள்ள எலக்ட்ரான் ஓட்டம் என்றால் காயில் கட்டிய கைக்கு என்ன புரியப்போகிறது என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. அக்கா கொண்டுவரும் பச்சைப்பயிறுக் கடைசலை வழித்துத் தின்பேன். அவர் மகனுக்கு எந்தக் கல்லூரி நல்லது என்று மணிக்கணக்கில் பேசுவேன். என் ஆய்வு என்னவென்று மட்டும் சொன்னதில்லை. அவரும் "இன்னைக்கு வந்துச்சா கண்ணு?" என்று மட்டும் கேட்பார். "இல்லீங்க்கா" என்பேன். எது வரவில்லை என்று அவருக்குத் தெரியாது என்பதே எனக்குத் தெரியாது.

எட்டாம் மாதம் விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பேராசிரியருக்குக் கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை கொடுப்பதாக இருந்தேன். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஏதோ போராட்டம் என்று மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியாக ஒரு முறை சாம்பிளைப் பார்த்துவிடலாம் என்று பதினோரு மணிக்கே ஆய்வகத்துக்குத் திரும்பினேன்.

அக்கா கேபிள் மாட்டும் பெட்டிக்குப் பின்னால் குனிந்து நின்றார். ஒரு கையில் ஒரு கேபிள், இன்னொரு கையில் இன்னொன்று. வாய்க்குப் பக்கத்து முனைகளுக்கு நான் காலையில் மாட்டிய ஜோடி. இதைக் கழற்றி அதில், அதைக் கழற்றி இதில். மீட்டரைப் பார்த்தேன். மைனஸில் நின்றிருந்த எண், அக்காவின் விரல் இரண்டாவது கேபிளைத் திருகி முடித்ததும் பிளஸுக்கு வந்து நின்றது.

"அக்கா, என்ன பண்றீங்க?"

அவர் திடுக்கிடக்கூட இல்லை. சிரித்தார். "ஒண்ணுமில்ல கண்ணு. மைனஸ் காட்டுச்சு. மாத்திப்போட்டேன்."

"இன்னைக்கு மட்டுமா?"

"இந்த ஒரு ஜோடியை மட்டும் நீ எப்பவும் மாத்தியே மாட்டற. பழக்கதோஷம்னு நெனச்சேன். சொன்னா உன்ற மனசு சங்கடப்படும். சாரு பாத்தா மறுக்கா அன்னைக்கு மாதிரி கேப்பாரு. அதான் நானே சரி பண்ணிப்போட்டுட்டு இருந்தேன்."

கோயம்புத்தூரில் மோட்டார் வேலை தெரிந்த யாரும் இதைத்தான் செய்திருப்பார்கள். மீட்டர் தலைகீழாகக் காட்டினால் வயர் மாறியிருக்கிறது என்று அர்த்தம். மாட்டியவர் பக்கத்தில் இருந்தால் அவர் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பும்போது சத்தமில்லாமல் மாற்றிவைத்துவிட்டு, "சரியா இருக்குதுங்க" என்பார்கள். பட்டறையில் அதற்குப் பெயர் மரியாதை. இந்த மரியாதையை எட்டு மாதமாக அக்கா எனக்குச் செய்துவந்திருக்கிறார்.

இது எல்லாம் இப்போது எனக்குப் புரிகிறது. அன்று புரியவில்லை. எட்டு மாதம் நான் கும்பிடாத சாமி இல்லை. அந்த மைனஸ் தினமும் காலை இந்த அறைக்கு வந்திருக்கிறது, தினமும் அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்றதும் எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"உங்களை யாருங்க்கா தொடச் சொன்னா? இது என்ன உங்க ஊட்டுப் பட்டறையா? மோட்டார் கட்டற புத்திய இங்க கொண்டாந்து என் வாழ்க்கையையே கெடுத்துப்போட்டீங்க!"

கத்திக்கொண்டே கேபிளைப் பிடித்து இழுத்தேன். மாசி மாதம். காற்றில் ஈரமே இல்லாத நாட்கள். நான் போட்டிருந்தது நைலான் சுடிதார். சாம்பிளோடு இணைந்த எதையும் தொடுவதற்கு முன் உடம்பில் சேரும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் பட்டையை மணிக்கட்டில் கட்டவேண்டும் என்பது அந்த அறையின் முதல் சட்டம். சுவரில் அந்தச் சட்டத்தை எழுதி ஒட்டியதே நான்தான். விரலில் சுருக்கென்று ஒரு பொறி. வீட்டில் ஸ்விட்சைத் தொடும்போது சில நாள் வருமே, அவ்வளவுதான். மனிதருக்கு அது ஒன்றுமில்லை. ஓர் அணு தடிமனுள்ள செதிலுக்கு அது இடி. மீட்டரில் எண்கள் தாறுமாறாக ஓடி, பிறகு எதுவுமே வரவில்லை.

எட்டு மாதம் சாம்பிளைச் சாகாமல் காப்பாற்றியவர் அக்கா. ஒரு நிமிடத்தில் கொன்றவள் நான்.

செத்துப்போன சாம்பிளை அக்கா பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் மணிக்கட்டில் இருந்த எர்த் பட்டையை மெதுவாகக் கழற்றி ஆணியில் மாட்டினார். நைட்ரஜன் குடுவையை மூடினார். நோட்டில் நேரத்தைக் குறித்தார். பையை எடுத்துக்கொண்டு கதவருகில் நின்று, "சரிங்க மேடம். நான் வாரேனுங்க" என்றார்.

எங்கள் ஊரில் போகிறவர்கள் வாரேன் என்றுதான் சொல்வார்கள். அது வழக்கம். மேடம்தான் புதிது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்த ஒரு வார்த்தையில் என்னை வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார்.

அவர் போன பிறகு நோட்டைத் திறந்தேன். அன்றைய தேதிக்குப் பக்கத்தில் வட்டம். முந்தின நாளும் வட்டம். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். முந்தின நாள் நைட்ரஜனே மிச்சமிருந்து, புதிதாக நிரப்பாத நாளிலும் வட்டம் இருந்தது. நிரப்பியும் அந்த ஜோடியை அளக்காத நாளில் வட்டம் இல்லை. அப்போதுதான் உறைத்தது. காயில் கட்டுகிறவர்கள் ஒரு முனையை மாற்றினால் அடுத்து கை வைப்பவருக்குத் தெரியட்டும் என்று அதில் ஒரு நூலைக் கட்டிவைப்பார்கள். அக்கா நூலுக்குப் பதிலாக வட்டம் போட்டிருக்கிறார். மாற்றிய ஒரு நாளையும் அவர் மறைக்கவில்லை. நான்தான் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். முந்தானை கொடுக்க ஆளில்லை.

பேராசிரியரிடம் நோட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் வட்டங்களைப் பார்த்தார். "உண்மையா இருக்குமுங்க. ஆனா வட்டத்தை வெச்சு ஆராய்ச்சிக் கட்டுரை எழுத முடியாதுங்களே. இன்னொரு சாம்பிள் செய்யுங்க. யாரும் கை வெக்காம ஒரு தடவை வரட்டும்" என்றார். அன்றைக்கு அவர் திட்டவில்லை. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். மறுபடி பென்சில் உரிப்பதில் தொடங்கினேன்.

அக்கா வேலைக்கு வருவதை நிறுத்தவில்லை. அதுதான் கொடுமை. தினமும் வந்தார், எப்போதும்போல் வேலை செய்தார். நான் கேட்பதற்கு முன்னால் இடுக்கியை எடுத்துக் கொடுத்தார். "டேப் தீந்துபோச்சுங்க மேடம்." "பெங்களூருக்கு டிக்கெட் போட்டாச்சுங்களா மேடம்?" மதியம் தனியாகச் சாப்பிட்டார். என் டப்பாவில் கடைசல் நின்றுபோனது. கம்பி பிய்ந்தால் நானும் கோபப்படவில்லை. போச்சாது உடு என்று சொல்ல ஆளில்லாதபோது கோபப்பட்டு என்ன பயன்? மன்னித்துவிடுங்கள் அக்கா என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும், "அய்யோ, அதெல்லாம் எதுக்குங்க மேடம்" என்று அவ்வளவு பதமாகச் சொன்னார்.

ஆறு மாதம் இப்படியே போனபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை கணபதிக்குப் போனேன். கையில் பேக்கரியில் வாங்கிய வர்க்கி பிஸ்கட் பொட்டலம். முன்னறையில் அக்காவின் வீட்டுக்காரர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க அம்மணி, வாங்க, உக்காருங்க" என்று எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அக்கா உள்ளேயிருந்து வந்து, "வாங்க மேடம்" என்றார். அந்த மனிதர் அக்காவை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துவிட்டு மோட்டாரிலேயே குனிந்துகொண்டார்.

காபி வந்தது. குடித்து முடித்ததும் சொன்னேன். "அக்கா, மன்னிப்புக் கேக்க வரலீங்க. நான் என்ன தேடறேன்னு உங்ககிட்ட சொன்னதே இல்ல. அதைச் சொல்ல வந்தேன்."

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழித்தபோது, பின்பக்கம் மோட்டாரை ஓட்டிப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டது. அங்கே போய் நின்று சொன்னேன். எலக்ட்ரான்களும் ஒரு நிலையில் தண்ணீர் மாதிரி ஆகிவிடும் என்றேன். சின்ன வாய் வழியாக வேகமாக வரும் என்றேன். பக்கத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா தொட்டியைக் கைகாட்டினார்.

"பைப்பு வாய்க்குப் பக்கத்துல நொரை திரும்பி வருமே, அப்படியா?"

வீட்டுக்காரர் உள்ளேயிருந்தே மோட்டாரைப் போட்டுவிட்டார். தண்ணீர் பீறிட்டுத் தொட்டியில் விழுந்தது. குழாயின் வாயை ஒட்டி நுரை வட்டமடித்து, வந்த திசைக்கே திரும்பிப் போனது. இருபது வருடமாக அக்கா தினமும் பார்த்த காட்சி. நாலு வருடமாக நான் புத்தகத்தில் படித்த காட்சி.

"அங்க மீட்டர் வெச்சா மைனஸ் காட்டும்" என்று அக்காவே மெதுவாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்குங்க மாத்தப் போறேன்? நீங்க தேடறது மைனஸுனு எனக்கென்னங்க தெரியும்?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வர்க்கி நல்லா இருக்குதுங்க மேடம்" என்றார். பொட்டலத்தை இன்னும் பிரிக்கவே இல்லை.

புதிய சாம்பிள் முடிய அதற்குப் பிறகும் ஐந்து மாதம் ஆனது. முதல் இரண்டு அடுக்குகளில் குமிழ் விழுந்தது. மூன்றாவது தேறியது. ரயிலில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கம்பிகளை அக்கா ஒட்டினார். பதினொன்றும் பிய்யாமல் நின்றன. காலையில் அட்டவணைப்படி கேபிள்களை மாட்டினேன். இந்த முறை அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லி மாட்டினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க மேடம்" என்றார். பத்து மணிக்கு வகுப்புக்குப் போனேன்.

மாணவர்கள் மூன்றாம் மேசையில் ஏதோ ரீடிங் வரவில்லை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பதினொன்றரை இருக்கும். என் போன் அடித்தது. வகுப்பில் போன் எடுப்பதில்லை. அக்காவின் எண் என்பதால் எடுத்தேன்.

"கண்ணு, எங்கிருக்கற? ஓடியா, ஓடியா சீக்கிரம்!"

என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்கு அந்த முதல் வார்த்தையே போதுமாக இருந்தது. பதினோரு மாதம் கழித்துக் கேட்கிறேன். மாணவர்களை அப்படியே விட்டுவிட்டுப் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக ஓடினேன். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றுவிட்டது.

அறைக்கு நடுவில் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்றால் இறுகப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. மீட்டருக்கும் அவருக்கும் நடுவில் நாலு அடி தூரம். வாயிலிருந்து தள்ளி இருக்கும் ஜோடி, காட்டவேண்டியபடியே பிளஸ் காட்டியது. வாய்க்குப் பக்கத்து ஜோடி மைனஸில் நின்றது, அசையாமல்.

"அரை மணி நேரமா அப்படியேதான் நிக்குது" என்றார். "கை பரபரங்குது கண்ணு. ஆனா நான் தொடல. சத்தியமா நான் தொடவே இல்ல."

நான் எர்த் பட்டையைக்கூட மறந்து மீட்டர் பக்கம் நடந்தேன். பின்னாலிருந்து ஓர் அதட்டல் வந்தது.

"பட்டையைக் கட்டு மொதல்ல!"

கட்டிக்கொண்டேன். பிறகு மீட்டரிடம் போகவில்லை. திரும்பி வந்து, அக்காவின் முதுகுக்குப் பின்னால் இருந்த கைகளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டேன். விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. அவ்வளவு நேரம் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறார். நோட்டில் அன்றைய தேதிக்குப் பக்கத்தில் வட்டம் இல்லை. மைனஸை மைனஸாகவே, நான் வருவதற்கு முன்பே அக்கா எழுதி முடித்திருந்தார்.